பெட்டிக்குள் ஒரு ஹவானாக் காற்று

1962 பிப்ரவரி மாதம். அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி தன் செய்திச் செயலாளர் பியர் சாலிஞ்சரை அழைத்து, மறுநாள் காலைக்குள் தனக்கு ஆயிரம் சுருட்டு வேண்டும் என்றார். கேட்டது கியூபாவின் ‘பெட்டிட் உப்மான்’. சாலிஞ்சர் கடை கடையாக ஏறி இறங்கி 1,200 சுருட்டுகளைத் திரட்டிவிட்டார். அது உறுதியான பிறகுதான் கியூபப் பொருள்களுக்குத் தடை விதிக்கும் ஆணையில் கென்னடி கையெழுத்திட்டார் என்று சாலிஞ்சரே பின்னாளில் எழுதினார்.

வாங்கியாயிற்று. இனி அவற்றைக் கெடாமல் காப்பாற்ற வேண்டுமே! அதுதான் கடினமான வேலை.

கியூபாவில் சுருட்டு உருவாவதே ஈரக் காற்றில்தான். காய்ந்த புகையிலையை நீர் தெளித்துப் பதப்படுத்தினால்தான் இலை வளைந்துகொடுக்கும், சுருட்ட வரும். அப்படிப் பிறந்த பொருள் குளிர்நாட்டு வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? வெளியே 0 டிகிரியில் நீராவி நிறைந்து நிற்கும் காற்றுகூட, உள்ளே வந்து 21 டிகிரிக்குச் சூடானதும் சுமார் 25 சதவீத ஈரப்பதம் உள்ள வறண்ட காற்றாகிவிடுகிறது. அந்தக் காற்று சுருட்டிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. மேலுறை இலை நொறுங்கி உதிர்கிறது. இலையின் எண்ணெயும் மணமும் போய்விடுகின்றன. பற்ற வைத்தால் விறுவிறுவென்று எரிந்து தொண்டையைக் காறுகிறது. ஈரம் மிகுந்தாலும் தொல்லைதான். சுருட்டு ஊதிப் பருத்து மேலுறை வெடிக்கும், இழுத்தால் புகை வராது, பற்றிய நெருப்பு அணைந்து அணைந்து போகும். பூஞ்சணமும் பிடிக்கும்.

இந்த இரண்டு கேடுகளுக்கும் நடுவே சுருட்டை நிறுத்திவைக்கும் பெட்டிதான் ஹியூமிடார். அதன் உள்ளே காற்றின் ஈரப்பதம் 65 முதல் 72 சதவீதம் வரை இருக்க வேண்டும், வெப்பநிலை 16 முதல் 21 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சரியாக 70இல்தான் நிற்க வேண்டும் என்று பலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். அது தேவையில்லை. 66இல் மாதக்கணக்கில் அசையாமல் இருக்கும் பெட்டி, வாரத்துக்கு வாரம் 60க்கும் 78க்கும் ஏறி இறங்கும் பெட்டியைவிட எவ்வளவோ மேல். இலை ஈரத்தைக் குடித்துப் பருத்தும் இழந்து சுருங்கியும் மாறி மாறித் தவிப்பதால்தான் மேலுறை கிழிகிறது.

இந்த நிலைத்தன்மையைத் தருவது மரம். நல்ல பெட்டிகளின் உட்புறம் பெரும்பாலும் ‘ஸ்பானிஷ் சிடார்’ பலகையால் ஆனது. கரீபியத் தீவுகளிலும் மத்திய, தென் அமெரிக்காவிலும் வளரும் இந்த மரம், வேம்பும் மகோகனியும் சேர்ந்த அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈரம் கூடும்போது பலகை அதைக் குடித்துக்கொள்கிறது, குறையும்போது மெல்லத் திருப்பித் தருகிறது. அதனால்தான் உட்புறத்துக்கு வார்னிஷ் அடிப்பதில்லை. இதே காரணத்தால்தான் புதிய பெட்டியில் உடனே சுருட்டு அடுக்கக் கூடாது. காய்ந்து கிடக்கும் பலகை சுருட்டின் ஈரத்தையே குடித்துவிடும். காய்ச்சி வடித்த நீரைச் சிறு கிண்ணத்தில் உள்ளே வைத்து மூடி, ஈரப்பத அளவு ஒரே இடத்தில் நிற்கும்வரை சில நாள் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்துணியால் பலகையைத் துடைப்பவர்கள் உண்டு. மரம் கோணிப்போய் மூடி பொருந்தாமல் போனால் அந்தப் பெட்டி பிறகு எதற்கும் உதவாது.

ஈரம் தர முன்பெல்லாம் நீர் தோய்த்த பஞ்சுதான். குழாய் நீரை ஊற்றினால் அதிலுள்ள உப்புகள் பஞ்சை அடைத்துவிடும். புரோப்பிலீன் கிளைக்காலும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்த கரைசல் பூஞ்சணத்தைத் தடுக்கும், 70 சதவீதத்தை ஒட்டியும் நிற்கும். இப்போது வேலையை எளிதாக்கியிருப்பவை உப்புக்கரைசல் அடைத்த சிறு பைகள். காற்று வறண்டால் ஈரத்தை விடுகின்றன, மிகுந்தால் இழுத்துக்கொள்கின்றன. 62, 65, 69, 72 என்று அளவு குறித்தே விற்கிறார்கள்.

கடலோர ஊர்களில் கவலை தலைகீழ். மழைக்காலச் சென்னையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அங்கே பெட்டிக்குள் மேலும் ஈரம் சேர்த்தால் பூஞ்சணத்தை வரவேற்பதாகும். 62 அல்லது 65 அளவுள்ள பைகளே பொருத்தம். அதே ஊரில் நாள் முழுதும் ஏசி ஓடும் அறையானால் காற்று வறண்டு, ஈரம் சேர்க்க வேண்டியிருக்கும். ஊரின் தட்பவெப்பத்தைவிட, பெட்டி இருக்கும் அறையைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

வெப்பத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நம் வீட்டு மிளகாய், மஞ்சள், மல்லியைத் துளைக்கும் அதே பழுப்பு வண்டு புகையிலையையும் விடாது. அதன் முட்டைகள் கண்ணுக்கே தெரியாமல் இலைக்குள் இருக்கும். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டி நீடித்தால் பொரித்துவிடும். புழு தின்றுகொண்டே போக, மேலுறையில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள் தெரியும். அப்போது மற்றச் சுருட்டுகளை உறையில் கட்டி ஃபிரீசரில் சில நாள் வைத்து, பின் ஒரு நாள் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, மெதுவாக வெளியே எடுப்பதே வழி.

இவ்வளவு பேணினாலும் பெட்டி காப்பது சுருட்டின் சுவையை மட்டுமே. நன்றாகப் பாதுகாத்த சுருட்டின் புகையும் உடலுக்குக் கேடுதான். வாய்ப் புற்றுநோயும் தொண்டைப் புற்றுநோயும் சுருட்டாலும் வரும்.

கென்னடிக்கு நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் 1961இல் ஒரு ஹியூமிடாரைப் பரிசளித்தார். 1996இல் நியூயார்க் ஏலத்தில் அது 5,74,500 டாலருக்குப் போனது. விலை எதுவானாலும் பெட்டியின் நிலையைச் சொல்வது உள்ளே இருக்கும் ஈரப்பதமானிதான். அதுவே தப்பாகக் காட்டினால் மற்ற பாடெல்லாம் வீண். சரிபார்ப்பது எளிது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் சேறுபோல் ஆகும் அளவுக்குச் சில சொட்டு நீர் விடுங்கள். அதையும் ஈரப்பதமானியையும் ஒரே ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடி, ஒரு நாள் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும், அது உப்பின் இயல்பு. கருவி 71 என்று காட்டினால், இனி அது சொல்லும் எண்ணோடு 4ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். புதுப் பெட்டி வாங்கியவர்கள் சுருட்டு வாங்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.