வீதிக்கு ஒரு டயர், தடத்திற்கு ஒரு டயர்

மோட்டார் சைக்கிள் ஓடும்போது அது தரையைத் தொடுகின்ற பரப்பு எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே. முன் சக்கரத்தில் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. பின் சக்கரத்தில் அதனினும் சற்றே பெரிது. வண்டியின் எடை, ஓட்டுபவரின் எடை, எஞ்சினின் வலிமை, பிரேக்கின் பிடி ஆகிய அனைத்தும் இவ்விரண்டு உள்ளங்கைகளின் வழியாகவே தரையைச் சென்று சேரவேண்டும். காரில் ஒரு சக்கரம் நழுவினால் தாங்குவதற்கு வேறு மூன்று உண்டு. இருசக்கர வண்டியில், வளைவிலே சாய்ந்திருக்கும் வேளையில் முன் டயர் நழுவுமானால், ஓட்டுபவர் எண்ணி முடிப்பதற்குள் தரையில் கிடப்பார். ஆகவே டயரைத் தேர்ந்தெடுப்பது வண்டிக்கு அழகு செய்யும் காரியமன்று. உயிரைப் பற்றிய காரியம்.

தில்லி, குருகிராம், புனே, பெங்களூரு முதலிய நகரங்களில் தொழில் செய்யும் தமிழ் இளைஞர் பலர் விரைவோட்ட மோட்டார் சைக்கிள் வைத்திருக்கின்றனர். திங்கள் முதல் வெள்ளி வரை அதே வண்டியில் அலுவலகம் செல்வர். வாய்ப்புக் கிட்டினால் ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்திற்கும் செல்வர். சென்ற தலைமுறையினருக்குச் சோழவரத்து விமானத் தளத்தில் நடந்த பந்தயங்கள் நினைவிருக்கும். இப்பொழுது இருங்காட்டுக்கோட்டையிலும், கோவைக்கு அருகே செட்டிபாளையத்திலும் தடங்கள் உள்ளன. தலைநகர்ப் பகுதியில் இருப்போருக்கு, 2011-ஆம் ஆண்டில் கிரேட்டர் நொய்டாவில் திறக்கப்பெற்ற புத்தா பந்தயத் தடம் அண்மையில் உள்ளது. தம் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிப் பழகுவதற்கான நாட்களும் இத்தகைய தடங்களில் ஏற்பாடு செய்யப்படுகின்றன. அங்கே செல்ல விரும்புவோர் கேட்கும் முதற் கேள்வி, ஒரே டயர் இரண்டிற்கும் போதுமா என்பதுதான்.

விடை காண்பதற்கு முன் ரப்பரின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளவேண்டும். தார்ச்சாலை கண்ணுக்கு மட்டமாகத் தோன்றினும் அதன்மேல் கருங்கற் சில்லுகளாலான மேடுபள்ளங்கள் எண்ணற்றவை. எடையால் அழுத்தப்பட்ட ரப்பர் அம்மேடுகளின்மேல் வளைந்து படிந்து, பள்ளங்களுள் இறங்கிக்கொள்கிறது. பெயர்க்க முயன்றால் எதிர்க்கிறது. இதனோடு மூலக்கூறுகள் தம்முள் ஈர்த்துக்கொள்ளும் ஒட்டுதலும் சேர்கிறது. இவை இரண்டும் சேர்ந்ததே பிடிமானம். ரப்பர் மென்மையாக இருந்தால் நன்றாகப் படியும். ஆனால் விரைவில் தேயும். கடினமாக இருந்தால் நெடுநாள் உழைக்கும். ஆனால் பிடிமானம் குறையும். டயர் செய்வோரின் தொழில் முழுவதும் இந்த இரண்டிற்கும் இடையே நடக்கும் பேரம் என்று சொல்லலாம். ரப்பருடன் கரித்தூளை மட்டும் சேர்க்காமல் சிலிக்கா என்னும் பொருளையும் கலக்கத் தொடங்கிய பின்னர், குளிரிலும் ஈரத்திலும் பிடிமானம் வெகுவாக உயர்ந்தது. நடுப்பகுதிக்குக் கடின ரப்பரும் இரு ஓரங்களுக்கு மென்மையான ரப்பரும் வைத்துச் செய்யும் முறையும் வந்தது. நேர்ச் சாலையில் தேய்வது நடுப்பகுதி. வளைவில் காப்பது ஓரம். இந்த ஏற்பாடு நம்மைப் போன்று அலுவலகத்திற்கும் செல்லவேண்டியவர்களுக்குப் பெரிதும் ஏற்றது.

2023 செப்டம்பரில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் முதன்முறையாக நம் நாட்டிற்கு வந்து, அந்தப் புத்தா தடத்திலேயே நடைபெற்றது. அதைக் கண்டோர் பலர், பந்தய வண்டியின் டயர்களில் வரியே இல்லாமல் வழவழவென்று இருந்ததைக் கண்டு வியந்தனர். வரிகளே பிடிமானம் தருகின்றன என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். உண்மை நேர்மாறானது. உலர்ந்த சாலையில் பிடிமானம் தருவது ரப்பரே. வரி வெட்டிய இடத்தில் ரப்பர் இல்லை, ஆகவே அங்குப் பிடிப்பும் இல்லை. வரிகளின் வேலை நீரை வெளியேற்றுவது. மழை பெய்தால் பந்தய வீரரும் மொழுமொழு டயரைக் கழற்றிவிட்டு, ஆழ்ந்த வரிகள் உடைய மழை டயரை மாட்டிக்கொள்கிறார். வீதியில் செல்லும் நாம் மழை வந்ததும் சக்கரத்தை மாற்ற இயலாது. எனவே நம் டயரில் வரி இருந்தே ஆகவேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளும் இருசக்கர வண்டியின் டயரில் வரியின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்கின்றன.

வரியில்லாத பந்தய டயரை வீதியில் போடலாகாது என்பதற்கு இதனினும் வலிய காரணம் ஒன்று உண்டு. அதுவே வெப்பம். பந்தய ரப்பர் 80 டிகிரி செல்சியசு அளவில் சூடேறிய பின்னரே தன் வேலையைச் செய்யும். அதனால்தான் பந்தயத்திற்கு முன்னர் அவ்வண்டிகளின் சக்கரங்களுக்கு மின்சாரப் போர்வை போர்த்தி வைக்கின்றனர். தடத்தில் இறங்கிய பின்பு, கடும் பிரேக்கும் வேகமும் ரப்பரைப் பிசைந்து பிசைந்து அச்சூட்டைக் காக்கின்றன. சனவரி மாதத்துத் தில்லியில், மூடுபனி படர்ந்த காலையில், 5 டிகிரிக் குளிரில், சிவப்பு விளக்குக்கு ஒருமுறை நின்று நின்று செல்லும் அலுவலகப் பயணத்தில் அந்தச் சூடு எங்ஙனம் ஏறும்? உலகிலேயே சிறந்த பந்தய டயர் அங்கே மரக்கட்டையாய் இருக்கும். வீதிக்கென்று செய்த எளிய டயரோ வீட்டு வாயிலிலிருந்தே பிடிக்கத் தொடங்கும். மேலும் பந்தய ரப்பர் ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் சிறிது இறுகிவிடுகிறது. பந்தயத்தில் ஓடிக் கழித்த டயர்களை மலிவாக வாங்கி வீதியில் பூட்டுவோர் உளர். கைக்கு மென்மையாகத் தோன்றினாலும் அவற்றின் உயிர் போய்விட்டது என்பதை அவர்கள் உணரவேண்டும்.

இவ்விரு எல்லைகளுக்கும் இடையே பல படிகள் உள்ளன. நெடும்பயணத்திற்கும் மழைக்கும் உரிய விளையாட்டுப் பயண டயர். விரைந்து சூடேறி நல்ல பிடிமானம் தரும் வீதி விரைவோட்ட டயர். பெயருக்குச் சில வரிகள் மட்டும் வைத்து, வீதியில் ஓட அனுமதி பெற்ற தட டயர். கடைசியாகச் சொன்னது நம் இளைஞரை வெகுவாக மயக்குகிறது. என் கருத்தில், ஆண்டில் இரண்டு மூன்று நாட்கள் மட்டும் தடத்திற்குச் செல்பவருக்கு நடுவில் சொன்ன வீதி விரைவோட்ட டயரே போதும். தொடக்க நிலையில் உள்ளவரைத் தடுப்பது டயரின் எல்லையன்று, கைப்பழக்கத்தின் எல்லையே. மாதந்தோறும் தடத்திற்குச் செல்பவர் வேறொரு சோடி சக்கரங்களையே வாங்கி, தட டயரை அவற்றில் பூட்டி வைத்துக்கொள்ளலாம். செலவுதான், எனினும் அலுவலகம் செல்லும் வழியில் தட டயரைத் தேய்ப்பதும் சிறிய செலவன்று.

எந்த ஊரில் வாழ்கிறோம் என்பதும் பார்க்கவேண்டியது. மும்பையில் சூன் முதல் செப்டம்பர் வரை மழை. அங்கு வாழ்பவர் முதலில் ஈரப் பிடிமானத்தைப் பார்க்கவேண்டும், ஓரத்து மென்மையைப் பின்னர் பார்க்கலாம். கொல்கத்தாவில் மழை நனைத்த டிராம் தண்டவாளத்தின்மேல் எந்த டயரும் உதவாது. நிமிர்ந்த நிலையில் குறுக்காகக் கடப்பதே வழி. தில்லிவாசிக்குக் குளிரும் கோடையும் இரு கோடிகள்.

டயரின் பக்கச் சுவரில் ஒரு தனி மொழியே எழுதப்பட்டிருக்கிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அதைப் படிப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. 150/60 ஆர் 17 66 எச் என்றிருந்தால், அகலம் 150 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 60 பங்கு, அதாவது 90 மில்லிமீட்டர். பொருந்தும் சக்கரத்தின் விட்டம் 17 அங்குலம். 66 என்பது 300 கிலோகிராம் எடையைத் தாங்கும் என்பதற்கு அடையாளம். எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் தகும் என்பதற்கு அடையாளம். எஸ் என்றால் 180, வி என்றால் 240. நடுவில் உள்ள ஆர் ரேடியல் என்ற அமைப்பைக் குறிக்கும். அதில் உள்ளிழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பிற்கு நேர் குறுக்காகச் செல்கின்றன. பழைய முறையில் அவை சாய்வாக ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். ரேடியல் குறைவாகச் சூடாகும், அதிவேகத்தில் நிலையாக நிற்கும். பழைய முறை டயரின் சுவர் தடித்தது, குழிகள் மலிந்த சாலைக்கு ஒத்துவரும். வண்டி செய்தவர் அனுமதித்தாலன்றி, முன்னே ஒன்றும் பின்னே மற்றொன்றுமாகக் கலத்தல் தவறு.

அகலமான டயர் போட்டால் பிடிமானம் கூடும் என்று எண்ணி, 140 உள்ள இடத்தில் 160 பூட்டுவோரைக் காண்கிறோம். குறுகிய சக்கரத்தில் அகன்ற டயரை ஏற்றினால் அதன் விளிம்புகள் நெருக்குண்டு, வட்ட வடிவம் கெட்டு, வளைவில் தரையைத் தொடவேண்டிய ஓரம் சரியாகத் தொடுவதில்லை. அன்றியும், அதே வளைவை அதே வேகத்தில் கடக்க அகன்ற டயர் வண்டியை அதிகமாகச் சாய்க்கும்படி கேட்கிறது. பின்னழகு கூடுகிறது என்பதைத் தவிர வேறு ஊதியம் இல்லை. டயரின் ஓரத்தில் தேயாமல் நிற்கும் பட்டையைக் கண்டு நாணி, அதைத் தேய்ப்பதற்காகவே தில்லியின் வட்டச் சந்திகளைச் சுற்றுவோரும் உண்டாம்! இடப்புறம் செல்லும் நம் போக்குவரத்தில், வட்டச் சந்தியைச் சுற்றுபவருக்கு வலது ஓரம் மட்டுமே தேயும். இடது ஓரம் அப்படியே நின்று அவரைக் காட்டிக்கொடுக்கும்.

கடையில் கேட்டுப் பார்க்கவேண்டியவை சில. நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். தள்ளுபடி விலையில் கிடைப்பது ஐந்தாண்டுகளாக அலமாரியில் கிடந்த சரக்காக இருத்தல் கூடும். ஓடாமலிருந்தாலும் ரப்பர் மூப்படைந்து இறுகும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பார்க்கவேண்டும். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்துப் பூட்டச் சொல்லவேண்டும். தில்லியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்த கரோல்பாக் பகுதியே மோட்டார் சைக்கிள் உறுப்புகளுக்கும் பேர்போன சந்தை. ஆகவே நம்மவர்க்கு வழி சொல்லவேண்டியதில்லை, பேரம் பேசவும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் விலையில் காட்டும் கவனத்தை அந்த நான்கு எண்களிலும் காட்டவேண்டும். புதிய டயரின் மேற்பரப்பு வழுக்கும் தன்மையுடையது. முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வரை வண்டியைச் சிறிது சிறிதாகச் சாய்த்துப் பழக்கியே ஓட்டவேண்டும்.

இனிக் காற்று. டயரைப் பற்றிய தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நேர்கின்றன. கோடையில், 40 டிகிரி வெயிலில், சதுர அங்குலத்திற்கு 33 ராத்தல் என்று நிரப்பிய டயர், துளிக் காற்றும் கசியாமலே, 5 டிகிரிக் குளிர் வரும்போது ஏறக்குறைய 28 ராத்தலுக்கு இறங்கிவிடும். காற்றின் அழுத்தம் வெப்பத்தைப் பின்பற்றிச் செல்வதே காரணம். ஆகவே பருவம் மாறும்போதெல்லாம் அளக்கவேண்டும்; வாரம் ஒருமுறை அளப்பது இன்னும் நன்று. அளப்பது வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் நேரத்தில் இருக்கவேண்டும். வீதிக்குரிய அளவு வண்டியின் கையேட்டில் உள்ளது. அதை மாற்றுவதற்குக் காரணம் இல்லை.

தடத்தில் மட்டும் கணக்கு வேறு. அங்கே டயர் மிகுதியாகச் சூடேறும். 25 டிகிரியில் 30 ராத்தலாக இருந்தது, உள்ளிருக்கும் காற்று 65 டிகிரியை எட்டும்போது 36 ஆகிவிடும். அதிகம் உப்பிய டயர் தரையைக் குறைவாகத் தொடும். எனவே டயர் செய்தவர் தடத்திற்கென்று சொல்லும் அளவைக் கேட்டறிந்து, வழக்கமாக வீதி அளவினும் சில ராத்தல் குறைத்துத் தொடங்குவர். முதல் இரு சுற்றுகளை மெதுவாக ஓட்டிச் சூடேற்றி, முதல் அமர்வு முடிந்து வந்தவுடனே, சூடு ஆறும் முன் அளந்து பார்த்துச் சரிசெய்வர். அதற்காக நல்ல காற்றழுத்தமானி ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கவேண்டும். பெட்ரோல் நிலையத்துக் கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. புத்தா தடத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நேர்பாதை ஒன்று உண்டு; அதன் முடிவில் விழும் பிரேக்கின் சுமை முழுவதும் முன் டயரின்மேல் இறங்கும். தடம் வலஞ்சுழியாகச் செல்வதால் டயரின் வலது ஓரம் இடதைக் காட்டிலும் சூடாகித் தேயும். அமர்வுதோறும் அந்த ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொள்ளவேண்டும். ஆணி ஏறி அடைப்பு வைத்த டயரை அலுவலகத்திற்கு மெதுவாக ஓட்டிச் செல்லலாம், தடத்திற்குக் கொண்டுவரலாகாது.

மாலையில் வீடு திரும்புமுன் குறைத்த காற்றை மீண்டும் ஏற்றவேண்டும். இங்கே ஒரு கண்ணி உள்ளது. டயர் இன்னும் சூடாக இருக்கும்போதே 33 காட்டும்வரை நிரப்பிவிட்டு நிம்மதியாகக் கிளம்பினால், மறுநாள் காலை ஆறிய நிலையில் அது ஏறக்குறைய 27 காட்டும். அந்த அரைகுறைக் காற்றோடுதான் திங்கட்கிழமை அலுவலகப் பயணம் தொடங்கும். தலைக்கவசத்தைக் கழற்றி, தேநீர் அருந்தி, டயர் நன்கு ஆறும்வரை காத்திருந்து, பிறகு நிரப்பி, நொய்டா விரைவுச்சாலையில் ஏறலாம்.