கோல் அடிக்க வந்தார், கற்றுத்தரத் தங்கினார்

நெய்மார் வரவில்லை. 2023 நவம்பர் 6 அன்று நவி மும்பையின் டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில் மும்பை சிட்டி அணியுடன் மோத சவூதி அரேபியாவின் அல் ஹிலால் வந்து இறங்கியபோது, அதன் பிரேசில் நட்சத்திரம் முழங்கால் காயத்தோடு ஓய்வில் இருந்தார். செம்பூர் ரசிகர்களுக்கு ஏமாற்றம்தான். ஹார்பர் லைனில் ஏறினால் ஆறாவது ஸ்டேஷன் நெருல்; ஸ்டேடியம் அங்கேதான்.

ஆனால் பிரேசில் ஃபார்வர்டு ஒருவரின் ஆட்டத்தை மும்பை பார்க்காமல் இல்லை. அதே ஹார்பர் லைனில் எதிர்த்திசையில் சி.எஸ்.டி.க்குப் போய், கூப்பரேஜ் மைதானத்தை எட்டிப் பார்த்தவர்களுக்கு ஹோஸே ராமிரெஸ் பாரெட்டோவைத் தெரிந்திருக்கும்.

பாரெட்டோ 1976-ல் போர்ட்டோ அலெக்ரே நகரில் பிறந்தவர். நான்கு ஆண்டுகள் கழித்து ரொனால்டினோ பிறந்ததும் அங்கேதான். திறமைக்குப் பஞ்சமில்லாத பிரேசிலில் பஞ்சம் வேலைக்குத்தான். சிறிய கிளப்கள் பலவற்றுக்கு ஆண்டின் முதல் சில மாதங்களில் நடக்கும் மாநிலப் போட்டிகளே பிழைப்பு. அவை முடிந்ததும் ஆட்டக்காரர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஐரோப்பா அழைத்தால் அதிர்ஷ்டம். அழைக்காதவர்கள் ஆசியாவுக்கு வருகிறார்கள்.

1999-ல் அப்படித்தான் கொல்கத்தா வந்தார் பாரெட்டோ. மோகன் பகான் 1999-2000, 2001-02 ஆகிய இரு பருவங்களில் தேசிய லீக் பட்டத்தை வென்றது. பச்சை-மெரூன் ரசிகர்கள் அவருக்கு 'சபுஜ் தோத்தா' (பச்சைக்கிளி) என்று செல்லப்பெயர் சூட்டினார்கள். 2004-ல் மலேசியாவின் பினாங்கு அணிக்குப் போனார். பிறகு மும்பையின் மகிந்திரா யுனைடெட் அவரை அழைத்துக்கொண்டது.

இந்தப் பிழைப்பின் இன்னொரு முகத்தையும் அதே ஆண்டு காட்டியது. 2004 டிசம்பர் 5, பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியம். ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராக டெம்போ அணியின் பிரேசில் ஃபார்வர்டு கிறிஸ்டியானோ ஜூனியர் இரண்டு கோல் போட்டார். இரண்டாவது கோலின்போது கோல்கீப்பருடன் மோதி விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. வயது 25. அவர் அணிந்த பத்தாம் எண் சட்டையை டெம்போ வேறு யாருக்கும் தராமல் ஒதுக்கி வைத்தது. மைதானத்தில் மருத்துவ வசதி என்ன லட்சணத்தில் இருக்கிறது என்ற கேள்வியும் அன்றுதான் உரக்கக் கேட்டது.

மகிந்திராவில் பாரெட்டோவும் கானா நாட்டு யாகுபு யூசிஃபும் சேர்ந்து தாக்கினார்கள். பயிற்சியாளர் டெரிக் பெரேரா. 2005-ல் ஃபெடரேஷன் கோப்பை, 2005-06 பருவத்தில் தேசிய லீக் என இரண்டும் கைக்கு வந்தன. தேசிய லீக் நடந்த 11 பருவங்களில் பட்டம் வென்ற ஒரே மும்பை அணி அதுதான்.

2006-ல் பாரெட்டோ மோகன் பகானுக்கே திரும்பினார். பாய்ச்சுங் பூட்டியாவுடன் ஜோடி சேர்ந்து கோல்களைக் குவித்தார். அந்தக் கிளப்புக்காக 200-க்கும் மேற்பட்ட கோல்கள் போட்டபின், 2012 மே 6 அன்று விடைபெற்றார். பெரும்பாலான வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் விமானம் ஏறிவிடும் நாட்டில், அவரது ஆட்ட வாழ்வின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. பிறந்த ஊருக்குப் போய்வருவதுதான் அவருக்கு வெளிநாட்டுப் பயணம் என்றானது.

அவரை அழைத்து வந்த மும்பை அணிக்கு அந்த ஆயுள் வாய்க்கவில்லை. 1962-ல் தொடங்கிய மகிந்திரா அணியை 2010-ல் நிர்வாகம் கலைத்துவிட்டது. மும்பைக் கால்பந்தை வளர்த்தவை கம்பெனி அணிகள். நன்றாக ஆடினால் ஏர் இந்தியாவிலோ ஓ.என்.ஜி.சி.யிலோ வேலை கிடைக்கும் என்பதே பையன்களின் கணக்கு. உரத் தொழிற்சாலையையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளையும் நம்பி வளர்ந்த செம்பூருக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம். கம்பெனி அணிகள் தேயத் தேய, மைதானத்தில் பந்தை உதைக்கும் மகனைப் பார்த்து 'இதனால் என்ன பிரயோஜனம்?' என்று கேட்கும் அப்பாவுக்குச் சொல்லப் பதிலும் இல்லாமல் போனது.

2014-ல் ஐ.எஸ்.எல். வந்தது. பணமும் வெளிச்சமும் வந்தன. ஆனால் கோல் போடும் வேலை பெரும்பாலும் வெளிநாட்டவருக்கே போனது. 2024-25 வரையிலான 11 பருவங்களில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை ஓர் இந்தியர்கூட வாங்கவில்லை. சென்னையின் எலானோ, டெல்லியின் மார்செலின்யோ, ஒடிஷாவின் டியகோ மொரிசியோ என்று மூன்று பிரேசில்காரர்கள் வாங்கினார்கள். களத்தில் ஒரே சமயத்தில் ஆடக்கூடிய வெளிநாட்டவர் எண்ணிக்கை முதலில் ஆறு, பிறகு ஐந்து, 2021 முதல் நான்கு என்று குறைக்கப்பட்டது. அந்த நால்வரில் ஒருவர் பெரும்பாலும் ஃபார்வர்டாகவே இருப்பதால் இந்தியப் பையன் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறான், அல்லது பெஞ்சுக்கு. விளைவு: 2024-ல் சர்வதேச ஆட்டத்துக்கு விடை சொல்லிவிட்டுப் போன சுனில் சேத்ரியை, 2025 மார்ச்சில் 40 வயதில் மீண்டும் கூப்பிட வேண்டியிருந்தது.

பாரெட்டோவும் ஒரு காலத்தில் அந்த இடத்தை நிரப்பியவர்தான். ஓய்வுக்குப் பிறகு அவர் ஏற்றுக்கொண்ட வேலை வேறு வகை. வாஷி பாலத்துக்கு அப்பால், நவி மும்பையில் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் நடத்தும் யங் சாம்ப்ஸ் அகாடமியில் இந்தியச் சிறுவர்களுக்குப் பயிற்சியாளரானார். இருபது வயதைத் தாண்டியவனுக்குப் பந்தைக் கட்டுப்படுத்தக் கற்றுத்தர முடியாது. பத்து, பன்னிரண்டு வயதிலேயே தொடங்க வேண்டும் என்பது பிரேசில் உலகுக்குச் சொன்ன பாடம். அதைத் தெருவிலேயே கற்கும் பையன்கள் போர்ட்டோ அலெக்ரேயில் உண்டு. செம்பூரில் தெரு முழுக்க ஆட்டோவும் ஸ்கூட்டரும். மிச்சமிருக்கும் மைதானத்தில் கிரிக்கெட் ஸ்டம்புகள். ஆகவேதான் அகாடமிகள் வேண்டியிருக்கின்றன.

வெளியிலிருந்து கோல் வாங்குவது சுலபம். பாரெட்டோவின் இருபதாண்டு இந்திய வாழ்க்கைக்கு உண்மையான மதிப்பெண் போடப்போவது அவர் அடித்த கோல்கள் அல்ல. அவரிடம் கற்ற பையன்களில் ஒருவன், ஒரு நாள் ஒரு வெளிநாட்டு ஃபார்வர்டை பெஞ்சில் உட்கார வைப்பானா என்பதுதான்.