தொலைநோக்கிக்கு ஏற்ற இலேசான முக்காலி

பெரியபாளையம் வழியே பாயும் ஆரணி ஆறு, கிழக்கே ஓடிப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. நன்னீரும் உப்பு நீரும் கலந்த காயல்களுள், இந்தியாவில் சில்காவிற்கு அடுத்துப் பெரியது இந்த ஏரியாகும். குளிர்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் இங்கே கூட்டமாக மேய்கின்றன. கரையிலிருந்து வெகு தொலைவில் அவை நிற்பதால், வெறுங்கண்ணுக்குப் புள்ளிகளாகவே தெரியும். ஆகவே தொலைநோக்கி தேவைப்படுகிறது. அதைத் தாங்க முக்காலி தேவைப்படுகிறது.

வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் தொலைநோக்கியைப் பொருத்தவும் துப்பாக்கியைச் சாய்த்துக் குறி பார்க்கவும் இத்தகைய முக்காலிகளைச் சுமந்து செல்வதுண்டு. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991இல் அதில் செய்யப்பட்ட திருத்தமும் வேட்டையைத் தடுத்துவிட்டன. ஆயினும் பறவை பார்ப்போருக்கும் அதே முக்காலிதான், அதே சிக்கல்தான். சுமக்க இலேசாக இருக்க வேண்டும். காற்றில் ஆடவும் கூடாது.

நடுக்கமும் பெரிதாகும்

30 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி, பறவையை மட்டுமன்றி ஆட்டத்தையும் 30 மடங்கு பெரிதாக்குகிறது. கருவி பாகையில் பத்தில் ஒரு பங்கு அசைந்தால், காட்சி 3 பாகை அசைவதாகக் கண்ணுக்குத் தோன்றும். இது ஆறு முழு நிலவுகளை வரிசையாக வைத்த அகலம்! 500 மீட்டர் தொலைவில் இவ்வசைவு ஏறக்குறைய 87 சென்டிமீட்டர் ஆகும்.

பெரும் பூநாரையின் அலகு இளஞ்சிவப்பு. நுனி மட்டும் கருப்பு. சிறு பூநாரையின் அலகோ முழுவதுமே அடர்நிறமாகத் தெரியும். சில சென்டிமீட்டர் நீளமுள்ள இந்த வேறுபாட்டை ஆடும் காட்சியில் எவ்வாறு காண்பது? ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் சனவரிதோறும் நடந்துவருகிறது. அதில் இனம் மாற்றி எழுதினால் கணக்கே பிழையாகிவிடும்.

ஏன் மூன்று கால்?

மேடுபள்ளமான தரையில் நான்கு கால் பெஞ்சு ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்காவது புள்ளி அத்தளத்தில் அமையவேண்டும் என்பதில்லை. எனவே முக்காலி எங்கு வைத்தாலும் மூன்று கால்களும் தரையைத் தொடும்.

எடையும் உறுதியும்

கால் குழாயின் விட்டமும் சுவர்த் தடிப்பும் இரு மடங்கானால், அது வளைவதை எதிர்க்கும் திறன் 16 மடங்காகும். எடை 4 மடங்கே கூடும். அதே விசைக்கு, குழாயின் நீளம் பாதியானால் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். இதிலிருந்து கிடைக்கும் பாடம் என்ன? எடையைக் குறைக்கக் குழாயை மெலிதாக்குவதைவிட, காலின் உயரத்தைக் குறைப்பதே நல்லது. உட்கார்ந்து பார்க்கும் உயரமுள்ள முக்காலி இலேசானது, உறுதியானது, விலையும் குறைவு. தாழ அமர்ந்தால் காற்றின் வேகமும் குறைவு. பறவைகளும் அவ்வளவாக மிரளா.

அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், கார்பன் இழைக் கலவையின் அடர்த்தி சுமார் 1.6 கிராம். பின்னது அதிர்வையும் விரைவில் அடக்கும். ஆனால் விலை அதிகம். பலத்த அடி பட்டால் விரிசல் காணலாம். மாணவர் குழுவிற்குத் தடித்த காலுள்ள, குட்டையான அலுமினிய முக்காலியே போதும்.

கடையிலும் களத்திலும்

வாங்கும்போது தொலைநோக்கியைப் பொருத்தி, தொலைவிலுள்ள ஒரு பெயர்ப்பலகையைப் பாருங்கள். முக்காலியின் காலை விரலால் தட்டுங்கள். ஓரிரு நொடியில் காட்சி அடங்கினால் நல்லது. தொடர்ந்து துடித்தால் வேண்டாம்.

களத்தில் முதலில் மேலுள்ள தடித்த பகுதிகளை நீட்டுங்கள். மெல்லிய கடைசிப் பகுதியைத் தேவையானால் மட்டும் நீட்டலாம். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், உயர்த்தினால் முக்காலியின்மேல் ஓர் ஒற்றைக்கால் நின்றதாகும். நடுவில் ஒரு பையைத் தொங்கவிடுங்கள். ஈர்ப்பு மையம் தாழ்ந்து உறுதி கூடும். பையின் அடி தரையைத் தொடட்டும்; இல்லையேல் காற்றில் ஊசலாடி முக்காலியையும் ஆட்டும். சேற்றில் கால்கள் புதையாமலிருக்க, ஒவ்வொன்றின் அடியிலும் சிறு பலகைத் துண்டை வையுங்கள். வீடு திரும்பியதும் நல்ல நீரில் கழுவித் துடையுங்கள். உப்பு அலுமினியத்தை அரிக்கும்.

விலையுயர்ந்த கண்ணாடி வில்லைகளால் மட்டும் தெளிவு கிடைப்பதில்லை. அசையாத மூன்று கால்களும் தேவை.