ரொட்டிக்கு இரண்டு பெயர்!

கெய்ரோவில் வேலையும் பார்த்து, அரபியும் படிக்கும் பட்டதாரிகள்

எகிப்து நாட்டின் தலைநகரம் கெய்ரோ. அங்கே கடைக்குப் போய் ரொட்டி வாங்க வேண்டும். என்ன சொல்லிக் கேட்பது?

அரபு மொழிப் பாடப் புத்தகத்தைப் புரட்டினால், ரொட்டிக்கு "குப்ஸ்" என்று போட்டிருக்கும். ஆனால் கெய்ரோ கடைத்தெருவில் ரொட்டிக்குப் பெயர் "ஏஷ்". அந்தச் சொல்லுக்கு ஏட்டு மொழியில் "வாழ்வு" என்று பொருள். ரொட்டிதான் வாழ்வு என்று அந்த மக்கள் வைத்துவிட்டார்கள்!

கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் அரபி படித்தவர்கூடக் கெய்ரோவில் வந்து இறங்கியதும் ரொட்டிக் கடையில் திணறுவது இதனால்தான்.

ஏட்டு மொழி, வீட்டு மொழி

நமக்கு இது புதிதல்ல. "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று எழுதுகிறோம். "வந்துக்கிட்டிருக்காங்க" என்று பேசுகிறோம். அரபியிலும் இப்படித்தான்.

புத்தகம், பத்திரிகை, வானொலிச் செய்தி இவற்றில் வருவது "ஃபுஸ்ஹா". அது ஏட்டு மொழி. எல்லா அரபு நாடுகளுக்கும் பொது. வீட்டிலும் தெருவிலும் பேசுவது "ஆம்மிய்யா". அது நாட்டுக்கு நாடு மாறும். மொராக்கோக்காரர் வேகமாகப் பேசினால் எகிப்துக்காரருக்கே பிடிபடாது.

"எனக்கு வேண்டும்" என்பதற்கு ஏட்டில் "உரீது". கெய்ரோவில் ஆண் பேசினால் "ஆயிஸ்". பெண் பேசினால் "ஆய்ஸா". இதயத்துக்கு ஏட்டில் "கல்ப்". கெய்ரோக்காரர் வாயில் முதல் எழுத்து மறைந்து, "அல்ப்" ஆகிவிடும்.

எகிப்தின் பேச்சு மொழிக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. எகிப்துத் திரைப்படங்களும், 1975-ல் காலமான பாடகி உம் குல்தூமின் பாட்டுகளும் அரபு நாடெங்கும் பரவின. அதனால் கெய்ரோப் பேச்சு மற்ற நாட்டாருக்கும் ஓரளவு விளங்கும். அரபி கற்க விரும்புவோர் கெய்ரோவைத் தேடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓராண்டு வாசம்

கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகம் 1919-ல் ஏற்பட்டது. நகரின் நடுவே தஹ்ரீர் சதுக்கத்தை ஒட்டி நெடுங்காலம் இயங்கியது. 2008-ல் ஊருக்கு வெளியே புதுக் கெய்ரோ என்ற பகுதிக்கு மாறியது.

1967-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல கூடி, இங்கே அரபிப் பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கின. அரபியில் முன்பே நல்ல அடிப்படை உள்ளவர்களுக்குத்தான் அதில் இடம். தேர்வு எழுதித் தேற வேண்டும். தேறியவர்களுக்கு உபகாரச் சம்பளம் வழங்கப்பட்டு வந்தது. ஓராண்டு முழுவதும் பயிற்சி. ஏட்டு மொழியோடு எகிப்தின் பேச்சு மொழியையும் கற்பிப்பார்கள். 2013-ல் எகிப்தில் குழப்பம் மூண்டபோது, பயிற்சி ஜோர்டான் நாட்டின் தலைநகரான அம்மானுக்கு மாற்றப்பட்டது.

இதே பல்கலைக்கழகம் இன்னொரு வழியையும் கையாண்டது. அப்போதுதான் படிப்பை முடித்த இளம் பட்டதாரிகளை வரவழைத்துத் தன் அலுவலகங்களில் ஓராண்டு வேலைக்கு அமர்த்தியது. தங்க இடமும் கைச்செலவுக்கு மாதப்படியும் கொடுத்தது. அரபி வகுப்பில் சேரவும் வாய்ப்பளித்தது.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தில் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. வளாகத்துக்குள்ளேயே அடைந்து கிடந்தால் ஓராண்டும் ஆங்கிலத்திலேயே கழிந்துவிடும். அரபி வரவேண்டுமானால் வெளியே போக வேண்டும். டாக்சி ஓட்டுபவரிடம் பேரம் பேச வேண்டும். காய்கறிக்காரரிடம் விலை கேட்க வேண்டும். வயதில் மூத்த கடைக்காரரை, நாம் "சித்தப்பா, பெரியப்பா" என்று சொல்வதுபோல, முறை சொல்லி அழைக்கவும் பழக வேண்டும்.

சதுக்கத்தில் ஒரு பாடம்

பேச்சு மொழி தெரியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம்.

2011 ஜனவரி 25 அன்று, ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆண்ட முபாரக்கை எதிர்த்து மக்கள் தஹ்ரீர் சதுக்கத்தில் திரண்டார்கள். 18 நாட்களில் அவர் பதவி இறங்கினார். அந்த நாட்களில் ஓங்கி ஒலித்த முழக்கங்களில் ஒன்று: "ஏஷ், ஹுர்ரிய்யா, அதாலா இக்திமாஇய்யா!" ரொட்டி, சுதந்திரம், சமூக நீதி என்று பொருள்.

இதில் பின்னிரண்டும் ஏட்டிலும் உள்ள சொற்கள். முதல் சொல் ரொட்டிக் கடைச் சொல். ஏட்டை மட்டும் படித்தவர் அதை "வாழ்வு" என்று எழுதிவிடுவார். வாசகம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மக்களின் பசி அதில் காணாமல் போய்விடும்!

அதே பல்கலைக்கழகப் பேராசிரியை சாமியா மெஹ்ரஸ், சதுக்கத்தின் முழக்கங்களையும் பதாகைகளையும் கேலிப் பேச்சுகளையும் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்து ஆங்கிலத்தில் பெயர்க்கச் செய்தார். அவர்களுடைய கட்டுரைகள் 2012-ல் நூலாக வெளிவந்தன. அந்த வேலைக்கு ஏட்டு மொழியும் வேண்டியிருந்தது; தெரு மொழியும் வேண்டியிருந்தது.

இரண்டும் வேண்டும்

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பிய நம் ஊர்க்காரர்கள் பலர், ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாமலே அரபி பேசுவார்கள். முதலாளி சொல்வது அவர்களுக்குப் புரியும். ஆனால் அவர் நீட்டும் ஒப்பந்தத்தைப் படிக்க இன்னொருவர் துணை வேண்டும். கெய்ரோவில் வந்து இறங்கும் பட்டதாரிக்கோ ஒப்பந்தம் படிக்க வரும். ரொட்டி வாங்க வராது!

பேச்சு தெரிந்தவர் எழுத்தையும், எழுத்து தெரிந்தவர் பேச்சையும் தேடிப் போகத்தான் வேண்டும். நாளெல்லாம் பேசிய மொழியைப் பின்னாளில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்களுக்கு, இதை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.