ஃபீஸ் கட்டியாச்சு... படிப்பை முடிக்க?

கல்லூரியில் சீட் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை. பஸ், சாப்பாடு, ரெக்கார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம் எனச் செலவு தொடரும். ‘வேலைக்குப் போனா நாலு காசு வருமே’ என்ற நெருக்கடியில் சிலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இதைத் தடுக்கத்தான் தமிழக அரசின் மாதம் ரூ.1,000. திருமண உதவியாக இருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம், 2022 செப்டம்பர் 5-ல் மாணவிகளுக்கான ‘புதுமைப் பெண்’ ஆனது. மாணவர்களுக்கு ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்ட் 9-ல் வந்தது.

யாருக்குக் கிடைக்கும்? 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும்.

இந்தத் தொகை பஸ்ஸுக்கும் ரெக்கார்டுக்கும் ஆகும். வீடு இழக்கும் கூலிக்கு ஆகாது. எனவே, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் கடைசி செமஸ்டர் எழுதினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.