பிளகின் போடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

அப்சிடியன்ல டெக்னிக்கல் நோட்ஸ் எழுதுற பலரும் என்கிட்ட கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "எந்தெந்த பிளகின் போடணும்?" பட்டியல் சொல்றதுக்கு முன்னாடி, நான் வாங்கின அடியைச் சொல்லிடறேன்.

அப்போ நான் ஊருக்குப் போயிருந்தேன், கையில லேப்டாப் இல்லை. ராத்திரி 2 மணிக்கு டீம்ல இருக்கிற நண்பன் போன் பண்ணான். சர்வர்ல டிஸ்க் நிறைஞ்சு டேட்டாபேஸ் நின்னுடுச்சு. "கவலைப்படாத, டீம் ரெப்போல என் நோட் இருக்கு, திறந்து பாரு"ன்னு கெத்தா சொன்னேன்.

கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம், "மச்சான், இதுல ஸ்டெப் எதுவுமே இல்லையேடா. ஏதோ நாலு வரி கோடு மாதிரி இருக்கு."

ஒவ்வொரு ஸ்டெப்பையும் தனித்தனி குட்டி நோட்டா எழுதி, டேக் வச்சு எல்லாத்தையும் ஒரே டேபிளா காட்டுற மாதிரி கொயரி போட்டு வச்சிருந்தேன். என் ஸ்கிரீன்ல அது அவ்வளவு அழகா தெரியும். ஆனா ஃபைலுக்குள்ள இருந்தது கொயரி மட்டும்தான். "முதல்ல எதை அழிக்கணும்?"னு அவன் கேட்டப்போ எனக்கே வரிசை ஞாபகம் இல்லை. தப்பான ஃபைலை அழிச்சா டேட்டா போயிடும். ஒவ்வொரு நோட்டா அவன் திறந்து படிக்க, நான் போன்லயே வரிசை சொல்ல, முடியறதுக்கு 40 நிமிஷம் ஆச்சு. தப்பு பிளகின் மேல இல்லை, என் மேலதான்.

அப்சிடியனோட பெரிய பலமே, நம்ம நோட்ஸ் எல்லாம் சாதாரண மார்க்டவுன் ஃபைலா நம்ம ஃபோல்டர்லயே இருக்கிறதுதான். ஆப் இல்லாட்டியும் எந்த எடிட்டர்லயும் திறக்கலாம். அந்த பலத்தை நானே கெடுத்து வச்சிருந்தேன். அன்னையிலிருந்து ஒரு பிளகின் போடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கறேன்.

முதல் கேள்வி: இது ஆப்லயே இருக்கா? நிறைய பேர் பார்க்காமலே வெளியில தேடுறாங்க. கோடுக்குக் கலர், கணித சமன்பாடு, மெர்மெய்ட்ல ஃப்ளோசார்ட் இதுக்கெல்லாம் பிளகினே வேண்டாம். டெம்ப்ளேட், தினசரி நோட், கேன்வாஸ் எல்லாம் கோர் பிளகினாவே வருது. நோட்ஸை டேபிளா பார்க்கிறதுக்கு 2025-ல பேசஸ்னு ஒரு கோர் பிளகினும் வந்தாச்சு.

ரெண்டாவது கேள்வி: நாளைக்கு இதைத் தூக்கிட்டா ஃபைல்ல என்ன மிஞ்சும்? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. டெம்ப்ளேட்டர் நோட் உருவாகும்போது தேதி, தலைப்பு எல்லாத்தையும் நிரப்பிட்டு ஒதுங்கிடும். எழுதினது எழுத்தாவே இருக்கும். கிட் பிளகின் நோட்டுக்குள்ள கை வைக்காது, மாற்றங்களை கமிட் பண்றதோட சரி. கான்பான் போர்டைக்கூட மார்க்டவுன் பட்டியலாத்தான் சேமிக்குது. ஆனா டேட்டாவியூ கொயரி போட்டா, ரிசல்ட் ஸ்கிரீன்ல மட்டும்தான் இருக்கும். எக்ஸ்காலிட்ரால வரைஞ்ச படத்தை வேற எடிட்டர்ல பார்க்க முடியாது. அதனால படமா தானா எக்ஸ்போர்ட் ஆகிற செட்டிங்கை ஆன் பண்ணி வைங்க.

மூணாவது கேள்வி: இதுக்கு எவ்வளவு இடம் கொடுக்கறேன்? வெளியார் எழுதின கம்யூனிட்டி பிளகின் எதுவும் ஆரம்பத்துல ஓடாது. நாமதான் ரெஸ்ட்ரிக்டட் மோடை ஆஃப் பண்ணணும். அப்படிப் பண்ணிட்டா, போன் ஆப் மாதிரி "கேமரா வேணுமா, காண்டாக்ட் வேணுமா"ன்னு தனித்தனியா அனுமதி கேட்கிற முறை இங்க கிடையாது. அந்த பிளகினால கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபைலைப் படிக்க முடியும், இன்டர்நெட்டுக்குப் போகவும் முடியும். அதனால அதோட ரெப்போவைப் பாருங்க. கடைசி ரிலீஸ் எப்போ? இஷ்யூக்களுக்கு யாராவது பதில் சொல்றாங்களா? நெட்வொர்க் எதுக்குத் தேவைன்னு எழுதியிருக்காங்களா? ஒரு புது வால்ட்ல போட்டுப் பார்க்கிறது நோட்ஸ் குழம்பாம இருக்க உதவும், ஆனா பாதுகாப்புக்கு அது போதாது. பாஸ்வேர்டு, டோக்கன் எல்லாம் நோட்ல எழுதவே வேண்டாம்.

இப்போ என்கிட்ட இருக்கிறது நாலே நாலு: கிட், டெம்ப்ளேட்டர், எக்ஸ்காலிட்ரா, டேட்டாவியூ. ஆமா, டேட்டாவியூவும் இருக்கு. எந்த நோட்டை அப்டேட் பண்ணலைன்னு பார்க்க அது ரொம்ப வசதி. ஆனா அவசரத்துல செய்ய வேண்டிய ஸ்டெப் எதையும் அதுக்குள்ள வைக்க மாட்டேன். அதெல்லாம் 1, 2, 3-னு கையால எழுதின சாதாரண வரிகள்தான்.

இன்னைக்கே ஒரு சின்ன டெஸ்ட் பண்ணுங்க. உங்களோட முக்கியமான நோட் ஒண்ணை நோட்பேட்ல திறங்க. உங்க இடத்துல வேற ஒருத்தர் இருந்தா அதைப் படிச்சு வேலையை முடிக்க முடியுமா? முடியும்னா அந்த நோட் சரியா இருக்கு.

போன மாசம் அதே டிஸ்க் பிரச்சினை திரும்ப வந்துச்சு. இந்தத் தடவை நண்பன் எனக்கு போன் பண்ணவே இல்லை. காலைல எழுந்து பார்த்தா ஒரு மெசேஜ்: "நோட் பார்த்து முடிச்சுட்டேன்டா."

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.