பட்டவர் சொன்னால் கேட்பார்கள்

இரவு இரண்டு மணி. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அவர் மட்டும் எழுந்துபோய் வாசல் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறார். பிறகு பின்கதவு, ஜன்னல்கள், மறுபடியும் வாசல் கதவு. ஈராக்கிலிருந்து திரும்பி ஆண்டுகள் பல ஓடிவிட்டன. இன்றும் உணவகத்தில் சுவருக்கு முதுகைக் கொடுத்து, வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார். சாலையோரம் குப்பைப் பை கிடந்தால் காரைச் சட்டென்று நடுச்சாலைக்கு ஒடிப்பார். அங்கே அப்படிப்பட்ட குப்பைக்குள் குண்டு வைத்திருந்தார்கள். மனைவி கேட்டால் ஒரே பதில்தான்: "எனக்கு ஒன்றுமில்லை."

இது ஒருவருடைய கதை அல்ல. அமெரிக்காவில் போர்முனையிலிருந்து திரும்பிய பலரின் வீடுகளில் இரவு இப்படித்தான் கழிகிறது.

சிகிச்சை இருக்கிறது, வருவோர் குறைவு

பிடிஎஸ்டி என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு, 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் அந்தப் பெயரோடு இடம்பிடித்தது. முதல் உலகப்போரில் அதை 'ஷெல் ஷாக்' என்றார்கள். பெயர் எதுவானாலும் அவதி ஒன்றுதான். நடந்தது மீண்டும் நடப்பதுபோலக் கண்முன் வரும். அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் மனம் ஒதுக்கும். தன்மீதும் உலகத்தின்மீதும் நம்பிக்கை அற்றுப்போகும். உடம்பு எப்போதும் விறைப்பாக, எதையோ எதிர்பார்த்தபடியே இருக்கும். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

அமெரிக்க முன்னாள் படைவீரர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது. நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. ஒன்றில், அதிர்ச்சி தந்த சம்பவத்தைச் சிகிச்சையாளர் முன் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதைப் பதிவு செய்து தருவார்கள். வீட்டுக்குப் போய்த் தன் குரலைத் தானே திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும். கேட்கக் கேட்க நினைவின் கூர் மழுங்கும். வழக்கமாக வாரம் ஒருமுறையாக 8 முதல் 15 அமர்வுகள். இன்னொன்று, 'என்னால்தான் அவன் செத்தான்' என்பதுபோல மனதில் இறுகிப்போன எண்ணங்களை எழுதிவைத்து, ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வது. அதற்கு ஏறக்குறைய 12 அமர்வுகள். இத்தகைய பேச்சுச் சிகிச்சை பெறுவோரில் நூற்றுக்கு 53 பேருக்கு நோய் நீங்குகிறது என்றும், எதுவுமே செய்யாமல் விட்டால் 9 பேருக்குத்தான் நீங்குகிறது என்றும் அந்நாட்டு முன்னாள் படைவீரர் நலத்துறை கணக்குச் சொல்கிறது.

53க்கும் 9க்கும் நடுவே இவ்வளவு தூரம் இருந்தும் ஆள் வருவதில்லை. ராணுவ மனநல மருத்துவர் சார்ல்ஸ் ஹோஜும் அவருடைய குழுவும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மனநலக் கோளாறு இருப்பதாகத் தெரிந்த வீரர்களில் 23 முதல் 40 சதவீதத்தினரே உதவி தேடியிருந்தார்கள். கோளாறு இருந்தவர்களில் 65 சதவீதம் பேர் கவலைப்பட்டது, 'என்னைப் பலவீனன் என்று நினைப்பார்கள்' என்பதற்காக.

இதில் வெட்கம் மட்டும் தடையில்லை. பேசாமல் ஒதுக்கிவைப்பது இந்த நோயின் அறிகுறிகளிலேயே ஒன்று. கால் முறிந்தவரை மலையேறி வந்து மருந்து வாங்கிக்கொள்ளச் சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இவர்களை "வந்து பேசுங்கள்" என்று அழைப்பதும்.

பூட்டிவைக்கப்பட்ட படம்

படைவீரரின் மனக்காயத்தைப் படம் பிடிப்பது புதிதல்ல. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, நியூயார்க்கின் லாங் ஐலண்டிலிருந்த மேசன் பொது மருத்துவமனையில் இயக்குநர் ஜான் ஹியூஸ்டன் ராணுவத்துக்காகவே ஒரு ஆவணப்படம் எடுத்தார். பெயர் 'லெட் தேர் பி லைட்'. நடிகர்கள் இல்லை, உண்மையான நோயாளிகள். பேச முடியாமல் திக்கிய ஒரு வீரர், சிகிச்சையில் நா அவிழ்ந்து, பேச வருகிறது என்று கூவுவார். பார்த்தவர்களால் அந்தக் காட்சியை எளிதில் மறக்க முடியாது.

அந்தப் படத்தை 1946இல் ராணுவம் முடக்கிவிட்டது. நோயாளிகளின் அந்தரங்கம் என்று காரணம் சொன்னார்கள். போர்வீரன் கலங்கமாட்டான் என்ற பிம்பம் உடையக்கூடாது என்பதே உண்மைக் காரணம் என்று ஹியூஸ்டன் கடைசிவரை நம்பினார். 1980 டிசம்பரில்தான் தடை விலகியது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் போய் வந்தவர்கள், தங்களைப் போலவே அழுது, பிறகு தேறிய அந்த முகங்களைப் பார்த்திருந்தால் எத்தனை பேருக்கு 'நான் மட்டுமில்லை' என்று தெரிந்திருக்கும்!

வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. 1970இல் நியூயார்க்கில் தங்களுக்குள் வட்டமாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். மனநல மருத்துவர்கள் ராபர்ட் ஜே லிஃப்டனும் ஹைம் ஷாட்டனும் அந்த வட்டத்தில் வந்து சேர்ந்துகொண்டார்கள். மருத்துவர் வீரர்களின் இடத்துக்குப் போனார் என்பதுதான் இதில் முக்கியம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்தவர்களே பேசிக்கொண்ட இடம் அது.

ஒரு கேள்வி, பல முகங்கள்

அந்த வட்டத்தைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்ததுபோல இரண்டு முயற்சிகள் பின்னால் வந்தன. முன்னாள் படைவீரர் நலத்துறை 2011 நவம்பரில் 'மேக் த கனெக்‌ஷன்' என்ற காணொளித் தொகுப்பைத் தொடங்கியது. அதே துறையின் தேசிய பிடிஎஸ்டி மையம் 2012இல் 'அபவுட்ஃபேஸ்' என்பதைக் கொண்டுவந்தது. அணிவகுப்பில் நின்ற இடத்திலேயே முழுதாகப் பின்னால் திரும்பச் சொல்லும் கட்டளையின் பெயர் அது. படையில் இருந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

அபவுட்ஃபேஸின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. எனக்கு பிடிஎஸ்டி என்று எப்படித் தெரிந்தது, ஏன் உடனே உதவி கேட்கவில்லை, சிகிச்சை எப்படி இருந்தது என்று கேள்விகள் இருக்கும். ஒன்றைத் தொட்டால், ஒரே கேள்விக்குப் பல வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பதில் சொல்கிறார்கள். மேக் த கனெக்‌ஷனில் எந்தப் போர், எந்தப் படை, ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுத்துத் தன்னைப் போன்றவரைத் தேடிப் பார்க்கலாம். இது சின்ன வசதியில்லை. வியட்நாம் காட்டில் இருந்தவருக்கு ஈராக் இளைஞரின் கதை அந்நியமாகத் தோன்றலாம். பணியிடத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான வீராங்கனைக்குத் துப்பாக்கிச் சண்டைக் கதைகள் எதையும் சொல்லாமல் போகலாம்.

தனியாக, நள்ளிரவில், பெயர் கொடுக்காமல் பார்க்கலாம். தாங்கவில்லையென்றால் நிறுத்தலாம். நாளைக்கு மறுபடி பார்க்கலாம். பேச்சை ஒதுக்கும் நோய்க்கு, பேசாமலே எடுத்துவைக்கக்கூடிய முதல் அடி இது.

எப்படிப்பட்ட கதை உதவும்

எல்லாக் காணொளியும் உதவாது. 'கஷ்டப்பட்டேன், சிகிச்சைக்குப் போனேன், இப்போது நலம்' என்று மூன்று வரியில் முடிக்கிற கதையை யாரும் நம்புவதில்லை. நடுவில் பத்து வருஷம் குடித்தது, முதல் இரண்டு அமர்வுக்குப் பிறகு போகாமல் நின்றது, நினைவுகளைக் கிளறியதும் தூக்கம் இன்னும் கெட்டது, பிறகு திரும்பப் போனது என்று எல்லாவற்றையும் சொல்லவேண்டும். மறுப்பில் கழிந்த ஆண்டுகளைச் சொல்கிறவரிடம்தான் இன்னும் மறுப்பில் இருப்பவர் தன்னைக் காண்பார்.

சண்டைக் காட்சிகளும் வெடிச்சத்தமும் வேண்டவே வேண்டாம்; பார்ப்பவரின் காயத்தையே அவை கிளறிவிடும். சொல்பவரும் ஓரளவு தேறியவராக, எப்போது வேண்டுமானாலும் தன் பதிவை விலக்கிக்கொள்ளும் உரிமை உள்ளவராக இருக்கவேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மனநோய் பற்றிய வெட்கத்தைக் குறைப்பதில் பாடம் நடத்துவதைவிட, அதிலிருந்து மீண்டவரைச் சந்திப்பதே வயதுவந்தவர்களிடம் நன்றாக வேலை செய்கிறது என்று உளவியலாளர் பேட்ரிக் காரிகனின் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டது. ஆனால் நேருக்கு நேர் சந்திப்புக்கு இருக்கும் வலு காணொளிக்கு இல்லை என்பதும் அதே தொகுப்பில் தெரிந்தது. ஆகவே காணொளி முடிகிற இடத்திலேயே தொலைபேசி எண்ணும், அருகிலுள்ள சிகிச்சை மையமும், முடிந்தால் பேசுவதற்கு ஒரு முன்னாள் வீரரும் இருக்கவேண்டும். மனம் இளகும் நேரம் சில நிமிடங்கள்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பெரும்பாலும் முதலில் கண்டுபிடிப்பவர் மனைவியோ தாயோதான். காணொளியை முதலில் நீங்கள் பாருங்கள். அவருடைய போர், அவருடைய வயது, அவருடைய படைப்பிரிவு என்று நெருக்கமானவரைத் தேர்ந்தெடுங்கள். "உங்களுக்கும் இதேதான்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். "இவர் சொல்வதைக் கேட்டேன், உங்கள் ஞாபகம் வந்தது" என்பது போதும். சண்டைக்குப் பிறகு வேண்டாம். அமைதியான ஒரு காலையில் கொடுங்கள். பார்த்தாரா என்று அன்றைக்கே கேட்கவும் வேண்டாம்.

அமெரிக்காவில் இருப்போருக்கு, தயங்கும் வீரரை எப்படி அணுகுவது என்று குடும்பத்தாருக்கே வழிகாட்டும் 'கோச்சிங் இன்டு கேர்' என்ற தொலைபேசிச் சேவையை முன்னாள் படைவீரர் நலத்துறை நடத்துகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் காணொளிக்கெல்லாம் நேரமில்லை. 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால் முன்னாள் படைவீரர்களுக்கான உதவியாளர் எந்நேரமும் பேசுவார். நம் ஊரில் படையிலிருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் இப்படி இரவில் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால், மனநல உதவிக்கான டெலி மானஸ் தொலைபேசிச் சேவையின் எண் 14416. தமிழிலேயே பேசலாம்.